கூடையிலிருந்த செல்போன்களை நான் எடுத்துக் கொடுத்தது பற்றி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரியே. வயது நாற்பத்தொன்று. செல்போன் டவர்களில் பொருத்தும் கருவிகளைத் தயாரிக்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். அந்தக் கருவிகளை வாங்கி மக்களுக்கு இணைப்பு கொடுக்கும் கம்பெனியில் என் மனைவி இன்ஜினியர். இது இரண்டு கம்பெனிக்கும் தெரியும். நான் கம்பெனி ரகசியத்தை அவருக்குச் சொல்லி, இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆர்டரைக் கெடுத்ததாக என் மேனேஜர் புகார் கொடுத்திருக்கிறார். அதனால் என் மனைவியை அவருடைய கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆபீஸ் பேச்சு எடுப்பதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே பேசி வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான் பேச்சு.

சம்பவ நாளன்று காலை எங்கள் கம்பெனி ஹாலில் புதுக் கருவியின் வேகத்தை, வாங்குகிறவர்களின் அலைவரிசையிலேயே ஓட்டிக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. வாசலில் கூடை வைத்து, வருகிறவர்களின் செல்போன்களை அதில் வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். பேச்சுக்கு இடைஞ்சல் கூடாது என்று காரணம் சொல்வோம். சிக்னல் முழுவதும் ஒரே போனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். அதன் பிறகு கருவிக்கு நேர் கீழே மேஜையில் எங்கள் போனை வைத்தேன். திரையில் வேகம் நொடிக்குத் தொள்ளாயிரம் மெகாபிட் என்று காட்டியது. மேனேஜர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

அதன் பிறகு, வாங்கும் கம்பெனி சார்பில் வந்திருந்த என் மனைவி எழுந்து, "சார், சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்துல வீடியோ பாக்கறப்போ, மூலை வீட்டுக்காரருக்கு இதுல எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார். இது நான் சொல்லிக்கொடுத்த கேள்வி என்று புகாரில் உள்ளது. அது தவறு. எந்தக் கம்பெனி வந்து காட்டினாலும் அவர் இதைக் கேட்பார். அது இடத்தைப் பொறுத்தது மேடம் என்று சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவதுதான் எங்கள் தொழில்.

அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சென்ற வருடம் வேறொரு கம்பெனி இப்படிக் காட்டிய வேகத்தை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு ஊரே அவரைத்தான் திட்டியது. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பார். வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது என்பதால் நானும் ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கொப்பளிக்கும் சத்தம் அப்போது ஞாபகம் வந்தது. எனக்கு என் மனைவி மேல் பிரியம் அதிகம். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி சொன்னார், எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு வாசலுக்குப் போய்க் கூடையை உள்ளே தூக்கி வந்து, அவரவர் போனை அவரவர் கையில் கொடுத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டச் சொல்லிவிட்டு, மேஜைப் போனை எடுத்துக்கொண்டு ஹாலின் கோடியில் டீ போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே வேகம் முப்பத்தெட்டு காட்டியது. வெளியே வந்து, "மேடம், முப்பத்தெட்டை வச்சுக் கணக்கு போடுங்க" என்றேன். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் எத்தனை டவர் வேண்டும் என்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆர்டர் கையெழுத்தாகவில்லை.

கூடையைத் தூக்கியது நான். அவர் செய்தது, தன் வேலைக்கு உரிய கேள்வியைக் கேட்டது மட்டும். என் வேலை போனால் போகட்டும், அவருடைய வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

அன்று மாலை வீட்டில் இதுபற்றி என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். நான் போனபோது அவர் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். வெளியே நாங்கள் சார், மேடம் என்றாலும் வீட்டுக்குள் அவர் என்னை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. அன்று, "சார், சாப்பிட வாங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். இதைத் தவிர இந்த விஷயமாக எங்களுக்குள் முன்னும் பின்னும் எந்தப் பேச்சும் நடக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)