உறைஞ்சுபோன ஊசி

கர்ர்ர்... டொக். கர்ர்ர்... டொக். சத்தம் வாசல்வரை கேட்டது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சமையலறைக்குள் நுழைந்தபோது, அந்த அம்மாள் ஈரத்துணியும் கையுமாக, உள்தட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஏற்கெனவே பாதிப் பேச்சில் இருந்தாள்.

"...கேக்குதா தம்பி? ராத்திரி பூரா இதே முனகல். சரி, எங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு ஒரு துணையாச்சுன்னு விட்டுட்டேன். ஆனா அவரோட ஊசிமருந்தை உறைய வச்சிருச்சே! பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி. நர்ஸம்மா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. 'உறைஞ்சு உருகியிருக்கு, இனி உதவாது'ன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. என்னைப் பாத்த பார்வை இருக்கே... விடுங்க. இந்தாங்க டார்ச்சு.

என்ன மருந்தா? நம்ம ஒடம்புல ஒரு ஹார்மோன் இருக்காம். 'போதும், வயிறு ரொம்பிருச்சு'ன்னு மூளைக்குப் போய்ச் சொல்லுமாம். எங்க வீட்டுக்காரர் ஒடம்புல அது வேலைக்கே வந்ததில்ல போல! அதே மாதிரி ஒண்ணை ஆய்வுக்கூடத்துல செஞ்சிருக்காங்க. பெப்டைடுன்னு பேரு. இன்னும் கடைக்கு வரல, கொஞ்சம் பேருக்குப் போட்டுப் பாக்குறாங்க. அதுலயும் பாதிப் பேருக்கு வெறும் தண்ணிதானாம். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். எனக்குத் தெரியும்! மொறுமொறுன்னு வறுத்து வச்ச மீனைத் தள்ளிட்டு 'போதும்மா'ங்கறார்! கல்யாணத்தன்னைக்கு என்னைத் தனியா நிக்க வச்சுட்டு சாப்பிடப் போன மனுஷன் தம்பி! வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல புகுந்து என் சமையலைப் பத்திக் கோள் மூட்டுது அந்த மருந்து.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. சர்க்கரை எறங்கிருச்சு. விரலையே எடுக்கணும்னு சொன்ன கால்புண்ணு ஆறிருச்சு. மாடிப்படி எல்லாம் நிக்காம ஏறி வந்தார்னா பாத்துக்கங்க! அதான் பயமா இருக்கு. இன்னொரு ஊசி கெட்டா அந்தச் சோதனையிலேர்ந்தே அவரை நீக்கிருவாங்களாம். புதுசு வாங்கத்தான் போயிருக்கார். வர்றதுக்குள்ள இந்தச் சனியனை... என்ன காட்டுறீங்க? திருகா?"

டார்ச் வெளிச்சம் உள்ளே இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் விழுந்தது. அது கடைசி எண்ணில் நின்றது.

"அது... நான்தான் வச்சேன். பின்னே? 'குளிர்ச்சியா வைங்க'ன்னாங்க. அவ்ளோ ஒசத்தி மருந்துக்கு, பாலுக்கு வைக்கிற குளிர் பத்துமா? கடைசியா வந்த ஊசியை, முழுசாத் திருகிவிட்டு ஐஸ் பக்கமா ஒட்டி வச்சேன். எடுத்தா கல்லு மாதிரி இருந்துச்சு. உள்ளங்கையில பொத்தி உருக்கித்தான் அவர்கிட்ட குடுத்தேன். உப்பு கூடினா கெடும்னு தெரியும், குளிரு கூடினா கெடும்னு யாரு கண்டா? சிரிக்காதீங்க தம்பி."

மெக்கானிக் சிரிக்கவில்லை. திருகைப் பாதிக்குக் குறைத்தான். டொக் சத்தம் நின்றது. அந்தத் திடீர் அமைதியில் அவள் குரலும் இறங்கிப்போனது.

"அந்த உறைஞ்ச ஊசியைப் போட்ட வாரமே, 'இன்னொரு துண்டு மீன் இருக்கா'ன்னு கேட்டார். எத்தனை மாசம் கழிச்சு! ஊசியில ஏதோ கோளாறுன்னு எனக்குத் தோணாமயா இருந்துச்சு? தோணுச்சு. வாயைத் தொறக்கல. இன்னொரு துண்டு எடுத்து வச்சேன். அதுக்கு அடுத்த வாரமும்... நர்ஸம்மா பாக்குற வரைக்கும் வச்சேன்."

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறி வந்தது. பாதி வழியில் நின்றது. யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு வாங்கினார்.

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு துணியைப் பிழிந்து, ஐஸ் பக்கத்திலிருந்து தள்ளி மாட்ட வேண்டிய நடுத்தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.