சோமசேகரத்தின் காது

லப்ரொப்பில் சத்தம் குறைந்துபோனால் எல்லாரும் முதலில் செய்வது, சத்தம் கூட்டும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான். நூறு என்று காட்டிய பிறகும் அழுத்துவார்கள். பதினொரு வருடமாகப் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அதிபருக்கும் ஆறாம் தரப் பிள்ளைக்கும் நான் வித்தியாசம் கண்டதில்லை.

உங்கள் அறிக்கை வந்து சேர்ந்தது. மரண விசாரணை அதிகாரிக்கு எத்தனையோ வேலை இருக்கும், சுருக்கமாக எழுதியதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாலாம் பந்தியில், சோமசேகரத்தின் செவிக் குறைபாடே விபத்துக்குக் காரணம் என்று எழுதி, அதற்குச் சான்றாக மூன்றாம் இணைப்பைக் காட்டியிருக்கிறீர்கள். அது பிழை. சோமசேகரம் என் மாமா. இறந்துபோன அவருடைய இளைய மகன் சிவதர்ஷன் என் கணவர். மூன்றாம் இணைப்பு நான் வரைந்தது. பிழையான விடைக்குச் சரி போட்டுப் பழக்கமில்லாதபடியால் இதை எழுதுகிறேன்.

தொண்டைமானாற்றில் மாமாவின் காதைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. தை, மாசிப் பனிப்புகாரில் விடியப்புறம் கரை தெரியாது. கரையோரம் நீளத்துக்குக் கற்பார், தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத்தொடர். நடுவே படகு நுழைய ஒரேயொரு வழி, அதை இங்கே வான் என்பார்கள். இரண்டு பக்கமும் அலை பாரில் அடித்து இரையும். வானுக்கு நேரே மட்டும் இரைச்சல் அடங்கியிருக்கும். மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் கேட்பார். பிறகு நேரே உள்ளே கொண்டுவந்துவிடுவார். மற்றப் படகுகள் அவருக்குப் பின்னால் வரும். இதையெல்லாம் நான் அவருடைய வாயாலேயே வாரத்துக்கு மூன்று தரம் கேட்டிருக்கிறேன். ஜீபிஎஸ் வாங்கச் சொன்னேன்.

"என்ரை காது இருக்கேக்கை உந்தப் பெட்டி என்னத்துக்குப் பிள்ளை?" என்றார்.

அப்படிப்பட்ட காதுள்ள மனிதர், வீட்டில் எதையும் மெல்லக் கேட்கமாட்டார். பிரான்ஸிலிருந்து மூத்த மகன் கஜானன் அனுப்பிய லப்ரொப் கூடத்து மேசையில் இருக்கும். கடலால் வந்து குளித்துச் சாப்பிட்டதும் அதில் தவில் கச்சேரி தொடங்கும். நான் பாடசாலையால் வரும்போதும் அதே கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை கஜானன் கதைத்தால், அங்கே அவன் என்ன கறி வைத்தான் என்பது எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிடும். மாமி கமலாவதி அதற்கு மேலால் கத்துவார். அந்த வீட்டில் மெல்லக் கதைத்த ஒரே ஆள் சிவதர்ஷன். அவருக்காகத்தான் நான் அங்கே வாழ்க்கைப்பட்டேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மாமாவிடம் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் சிரித்தார். படித்தவர்களுக்குக் காது மெல்லிசு என்று மாமியிடம் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்த லப்ரொப் தன்பாட்டில் ஒரு அப்டேற் செய்துகொண்டது. ஸ்பீக்கரை இயக்கும் மென்பொருள், அதைத்தான் ட்ரைவர் என்பது, மாறிப்போனது. சத்தம் கால்வாசியாகிவிட்டது. இது அடிக்கடி நடக்கிறதுதான். பழைய ட்ரைவருக்குத் திரும்பிப் போனால் சரி, நாலு நிமிட வேலை. நான் பாடசாலையால் வந்தபோது மாமா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். நூறு என்று காட்டியது.

"பிள்ளை, உது பழுதோ? எனக்குச் சரியாக் கேக்குதில்லை."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு வடிவாக் கேக்குது மாமா" என்றேன்.

உண்மையைச் சொன்னால், யோசித்துச் சொல்லவில்லை. அன்றைக்குத் தலையிடி. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். மாமி குசினிக்குள்ளிருந்து வந்தார், லப்ரொப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், எனக்கும் கேக்குதுதானே" என்றார். அவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. செவிடி என்று பெயரெடுக்க யாருக்குத்தான் விருப்பம்? இரவு சிவதர்ஷனும் அதையே சொன்னார். மனைவி கணினி ரீச்சர், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். மூன்று பேர் கேட்கிறது என்றால் நாலாவது ஆள் செவிடுதான். ஒரு ஆளாவது எழும்பிப்போய்க் கைத்தொலைபேசியில் அதே பாட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்களை ஏமாற்றினேன் என்று சொல்வதே எனக்குக் கொஞ்சம் அதிகமாகப்படுகிறது.

அடுத்த கிழமை மாமா தானாகவே என்னிடம் வந்தார். பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டுமோ என்று கேட்டார். அங்கே திகதி கிடைக்க மாதக்கணக்காகும், அந்தச் சோதனையை இணையத்திலேயே இலவசமாகச் செய்யலாம் என்றேன். செய்யலாம், உண்மைதான். அந்த லப்ரொப்பிலேயே செய்தேன். அவரைச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றதில் சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னேன். பக்கத்திலிருந்த எனக்கே மட்டுமட்டாகக் கேட்டது. அவர் கண்ணை மூடி, தலையைச் சரித்து, வானுக்குள் படகு கொண்டுவருவதுபோல இருந்தார். கை மூன்று தரந்தான் உயர்ந்தது. கணக்குக் கொப்பியின் பெட்டித்தாளில் வரைபு கீறிக் கொடுத்தேன். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். கோடு கீழே இறங்கிப்போவதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உங்கள் மூன்றாம் இணைப்பு அதுதான்.

அவருக்குச் செவிடு என்று தெரிந்ததும் ஊர் அவரோடு கத்திக் கதைக்கத் தொடங்கியது. கத்தினால் கேட்கத்தானே செய்யும். கத்தினால்தான் கேட்கிறது என்று அதையும் செவிடுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். தவில் நின்றது. காதைப் பற்றிய புளுகு நின்றது. கார்த்திகை முழுக்க நான் கூடத்திலிருந்தே விடைத்தாள் திருத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வீட்டில் இருந்ததில்லை.

மார்கழியில் இன்னொரு அப்டேற் வந்து, லப்ரொப் தானாகவே சரியாகிவிட்டது. நல்லவேளை, அதை முதலில் திறந்தது நான். பழுதான ட்ரைவரைத் திரும்பப் போட்டுவிட்டு, இனி அப்டேற் வராதபடி நிறுத்திவைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மாமா கடலை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. சந்நிதி முருகனுக்கு வெள்ளியில் காது செய்து போடுவதாக நேர்ந்துகொண்டு, நெல்லியடியில் கடையில் வேலை பார்த்த சிவதர்ஷனை விடியப்புறத்தில் துணைக்குக் கூப்பிட்டார்.

"போகாதேங்கோ. உங்களுக்குக் கடல் பழக்கமில்லை" என்றேன்.

"அப்பாவைத் தனிய விடேலாது, வித்தியா. அவருக்குக் காது கேளாது."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். மூன்று கிழமை, ஒவ்வொரு விடியலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சிரிப்பைத் திரும்பவும் பார்க்க வேண்டிவரும், தவிலையும் கேட்க வேண்டிவரும். தேத்தண்ணியை மட்டும் கொடுத்தேன்.

தை இருபத்திரண்டாம் திகதி நடந்ததை மாமா உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். விடியப்புறம், பனிப்புகார். அவர் முன்னால் அணியத்தில் இருந்தார். பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தது சிவதர்ஷன். வலப்பக்கம் இரைந்ததாம். "தம்பி, உனக்கு இரையிறது கேக்குதோ?" என்று கேட்டாராம். "எனக்கு எஞ்சின் சத்தந்தான் கேக்குது அப்பா" என்றாராம் மகன். தன்னுடைய காதுக்குள்தான் இரைகிறது என்று மாமா பேசாமல் இருந்துவிட்டார். எஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தி என்னத்தைக் கேட்கிறது என்று நினைத்தாராம். படகு பாரில் ஏறிக் கவிழ்ந்தது. சிவதர்ஷனின் தலை கல்லில் அடிபட்டது. மாமா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்தி வந்தார்.

செத்தவீட்டுக்குக் கஜானனால் வர முடியவில்லை, விசா பிரச்சினை. லப்ரொப்பில் நேரடியாகக் காட்டவேண்டும் என்றார்கள். அவன் அழுவது சபைக்குக் கேட்கவேண்டும் அல்லவா? பிரேதப்பெட்டி வருவதற்கு முன் அறைக்குள் போய்ப் பழைய ட்ரைவரைப் போட்டேன். சொன்னேனே, நாலு நிமிடம். கஜானன் "தம்பி" என்று கத்தியது வாசல் படலை வரைக்கும் கேட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மாமா தலையை நிமிர்த்தினார்.

"பிள்ளை, கஜன்ரை குரல் கேக்குது. எனக்குக் கேக்குது."

"அதிர்ச்சியிலை சில பேருக்குக் காது திறக்கிறது, மாமா" என்றேன்.

அதையும் நம்பினார். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் என்னையே துணைக்குக் கூட்டிக்கொண்டு பத்தரிடம் போனார். இரண்டு காது, வெள்ளியில். சந்நிதியில் உண்டியலுக்குள் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்றார். "மகனை எடுத்துப்போட்டுக் காதைத் தந்திருக்கிறான். நான் கேட்டது காதைத்தானே. பிழை என்னிலைதான்" என்றார். நான் திருநீற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கோயிலில் கூட்டமாக இருந்தது.

இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. தவிலும் போடுவதில்லை. போன கிழமை, கடல் இரைந்த ஒரு பின்னேரம், என்னிடம் வந்து மெல்லக் கேட்டார், சிவதர்ஷனின் குரலில் கேட்டதுபோல இருந்தது.

"பிள்ளை, அண்டைக்கு நான் கேட்டது பாரின்ரை இரைச்சல்தானோ?"

"இல்லை மாமா. அது உங்கடை காது" என்றேன். கிழவனுக்கு இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். அவ்வளவு இரக்கம் எனக்கும் உண்டு.

ஆகவே நாலாம் பந்தியைத் திருத்துங்கள். சோமசேகரத்தின் காதில் ஒரு குறையுமில்லை, அன்றைக்கும் இருக்கவில்லை. மூன்றாம் இணைப்பு காட்டுவது ஒரு லப்ரொப்பின் பழுதை. திருத்தும்போது என்னைப் பற்றியும் சரியாக எழுதுங்கள். சத்தத்தைக் குறைத்தது நான் அல்ல, அது தானாகவே குறைந்தது. நான் கூட்டாமல் விட்டேன். அதற்கு மேல் எதையும் நான் செய்ததாக எழுதவேண்டாம்.