கூரையில் நின்ற குமிழி

வெள்ளவத்தையில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த சுழியோடி ஒருவர், மூடிய வெறும் போத்தலொன்றை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

“இதுக்குள்ள அன்ரன்ட மூச்சு, மச்சான். மூழ்கின கப்பலுக்குள்ள அவன் சாகேக்க விட்டது, கூரையில குமிழியாத் தங்கி நிண்டது.”

“முப்பது மீட்டர் ஆழத்துக் காத்து மேல வர நாலு மடங்காகுமே. போத்தல் வெடிக்கேல்லையா?”

“கவிழ்த்து, மூடியைத் தளர்த்திக் கொண்டுவந்தனான். முக்கால்வாசி வழியில போயிட்டுது.”

“இது ஆருக்கு?”

“கொட்டாஞ்சேனையில அவன்ட மனிசிக்கு. போனமுறை குடுத்ததைத் திறந்து உள்ள இழுத்திட்டாள். பிறகு இன்னொண்டு கேட்டாள்.”

பஸ் சடாரென நின்றது. விழுந்த என் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு நான் அந்த மூடியையே பார்த்தேன்.

“இனிக் கப்பல் கூரையில ஒண்டுமில்லை. இதுதான் கடைசி.”

“அவளுக்குத் தெரியுமா?”

“அதைச் சொல்லத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்.”