டேங்க் நிறையும்வரை

வீட்டு ஷெட்டுக்கு ஏர் கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு மோட்டாரைக் கேட்கிறார்கள். டேங்க்கைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நெடுங்காலம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேடம், மோட்டாரையும் டேங்க்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சின்ன டேங்க் சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும். காற்றைச் செலவழித்தால் மறுபடி ஓடும். கம்ப்ரசர் என்றால் இவ்வளவுதான்.

நீங்கள் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அக்கா பிரிசில்லா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு அதே ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு வந்த வரன்களை என்னைக் காட்டி அவள் தட்டிவிட்டாள், எனக்கு வந்தவற்றை அவளைக் காட்டி நான் தட்டிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தோம். போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஜோசு. ஜோசுவா என்ற என் பெயரை அவள் மட்டும்தான் அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவாள்.

சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று வேலூரில் பார்த்த டாக்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார்களாம். உண்மைதான். தாகம் எடுத்தால் ஜோசு, துணி நனைந்தால் ஜோசு, ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தாலும் ஜோசு. முதலில் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போனேன். வேலையையும் விட்டேன். சர்ச்சில் பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். நின்றேன். அப்போதும் என் காதில் அந்தக் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனுக்குத் தன் பெயரே பிடிக்காமல் போகும் என்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம்.

அக்கா படுத்திருந்த அறையின் பின்சுவரை ஒட்டித்தான் ஷெட். அதில் ஒரு பழைய ஸ்கூட்டர் கிடந்தது. அதற்குப் பெயின்ட் அடிக்கக் கம்ப்ரசர் வேண்டும் என்று பக்கத்து வீட்டு பில்கிஸிடம் சொல்லி, அவளை அக்காவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் பெயர் சூரியபிரகாஷ்.

"வீட்டுக்குன்னா இத எடுத்துக்குங்க சார். சைலன்ட் மாடல். ஓடும்போதே பக்கத்துல நின்னு போன் பேசலாம்" என்றார்.

"இதைவிடச் சத்தம் வர்றது இருக்கா?"

"எல்லாரும் கம்மியாதான் சார் கேப்பாங்க" என்று சிரித்தார்.

மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினேன். பெல்ட் இல்லாமல் மோட்டாரை நேராகப் பம்போடு பூட்டிய வகை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். தெருவில் கைவண்டி தள்ளிக்கொண்டு போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இதே மாதிரிதான். ஆனா டேங்க் பெருசா வேணும். மோட்டார் சின்னதே போதும்."

"இன்னா சார், வெவரம் தெரிஞ்சவரு மாதிரி கீறீங்க. அப்படிப் போட்டா டேங்க் சீக்கிரம் ரொம்பாது. அதுவரிக்கும் மோட்டார் ஓடிக்கினே இருக்கும்."

"ஓடட்டும்" என்றேன்.

நல்ல மெஷின். அது ஓடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்ன சொன்னாலும் கேட்காது. டேங்க் நிறைந்து நிற்கும்போது மட்டும் கேட்கும். வீட்டுக் கம்ப்ரசரைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது, மோட்டார் சூடேறிவிடும். அதனால் நின்றால் ஆற விடுவேன். அந்த இடைவெளியில் உள்ளே போய் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்து, துணி மாற்றிவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் அந்த இடைவெளியில் டீ குடிக்கவும் ஆரம்பித்தேன். அவள் முதுகில் புண் வந்தது. மெஷினுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் டேங்க்கின் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டு, ஆயில் பார்த்துத் துடைத்து வைப்பேன். ஸ்கூட்டருக்கு மூன்று தரம் பெயின்ட் அடித்தாயிற்று.

ஒருநாள் பில்கிஸ் ஷெட் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா ஜோசுவாண்ணா, அக்கா கூப்ட்டுக்கினே கீறாங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

"மெஷின் ஓடிச்சும்மா."

"நின்னப்புறமும் கூப்ட்டாங்கண்ணா."

அவளே உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனாள். நல்ல பெண். உங்களிடம் அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, கூடவே இருந்து கஞ்சி மட்டும் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு வெகுநேரம் பிடிக்கும். அன்று ஒரு பன்னை அவளுடைய இடது கையில் கொடுத்தேன். தலையணையில் சாய்த்துவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். பசித்தால் சாப்பிட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன்.

டேங்க் நிறைந்து மோட்டார் நின்றது. அப்போது கேட்டது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு மூச்சு இழுக்கிற சத்தம். கட்டில் கம்பியில் கை மோதுகிற சத்தம். என்ன அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் எப்படித் தட்ட வேண்டும் என்பதையும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். சுவரைச் சுற்றிப் போனால் அறை.

குனிந்து டேங்க்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. மீட்டர் முள் இறங்கியது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. வால்வை முழுதாக மூடவில்லை. கொஞ்சம் திறந்தே இருந்தால் டேங்க் நிறையாது, மோட்டாரும் நிற்காது. எந்த மெஷினையும் நான் அப்படி வதைத்ததில்லை. பில்கிஸ் மதில் மேலாக எட்டிப் பார்த்து ஏதோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

கடைசியில் மோட்டார் சூடேறித் தானாகவே கட் ஆகி நின்றது. அறையில் சத்தம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆக, தினமும் நின்று நின்று ஓடுகிற மெஷின் அன்று நிற்காமல் ஓடியது என்று பில்கிஸ் சொன்னது சரி. ஓடவிட்டவன் நான். அடைத்துக்கொண்டது தெரிந்துதான் ஓடவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மேடம். அன்று அவள் என் பெயரைச் சொல்லவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது. ஒரே ஒரு தரம் ஜோசு என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.