லேயாள் கூப்பிட்ட பேர்கள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஓர் ஆட்டின் பேர் விட்டுப்போனாலும் பாவம் வந்து சேரும் என்பார்கள். கர்த்தர்தான் நாக்கைக் காக்க வேண்டும்.

தேரிக்காட்டுச் செம்மணல் ஊருக்குள் எட்டிப் பார்க்காத காலத்தில், ஏதேன்விளை என்று ஓர் ஊராம். அங்கே லேயாள் என்று ஒருத்தி. புருசன் இல்லை. கிருபை என்று ஒரே மகள். கொஞ்சம் ஆடுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கோயிலில் சொன்னாராம்: "ஆண்டவர் எல்லாத்தையும் படைச்சாரு. நல்லதுன்னு கண்டாரு. மனுசன் கையில குடுத்து, காத்துக்கோன்னாரு. ஆதாம் பேரு வச்சான். பேரு வச்சவன்தான் பதில் சொல்லணும்."

லேயாளுக்கு அது தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆடுகளுக்குப் பேர் வைத்தாள். நெற்றியில் வெள்ளை உள்ளது சுட்டி. கொம்பு ஒடிந்தது ஒத்தக்கொம்பி. தின்றுகொண்டே இருப்பது பெருவயிறி. கடைசிக் குட்டி சீனி. பேர் சொன்னால் ஓடி வருமாம்.

"எக்கா, ஆட்டுக்கு ஞானஸ்நானம் எப்போ? அசனச் சோறு உண்டா?" என்று பெண்கள் சிரிப்பார்களாம்.

"சிரிங்கட்டி. அவரு கேக்கப்போறது என்னையத்தான்."

அப்புறம் மழை பொய்த்தது. பொய்த்தது என்றால் அப்படிப் பொய்த்தது. குளம் வெடித்தது. பனையோலை கருகியது. கிணற்றில் தோண்டியின் அடி நனையத்தான் தண்ணீர். ஊர்ப் பெரியவர் கோயில்பிள்ளை கூட்டம் போட்டுச் சொன்னாராம்: "தண்ணி மனுசனுக்கு மட்டும். ஆடுமாட்டைத் தேரிக்குள்ள விரட்டுங்க."

"அண்ணாச்சி, அங்க ஒரு சொட்டு இல்லையே. செத்துப்போவுமே."

"தெரியும் தாயி. தண்ணி உன் மவளுக்கா, ஆட்டுக்கா? நீயே சொல்லு."

லேயாள் உபதேசியாரைப் பார்த்தாளாம். அவர் தரையைப் பார்த்தாராம்.

விரட்டினாள். ஆடுகள் மணல்மேடு தாண்டி மறைந்தன. அப்போதுதான் பயம் பிடித்தது. கொடுத்தவர் திரும்பக் கேட்டால்? அவரிடமே பேர் சொல்லி ஒப்படைத்துவிடுவோம் என்று மேட்டில் ஏறினாள். "ஆண்டவரே, சுட்டி, உம்ம கையில. ஒத்தக்கொம்பி, உம்ம கையில. பெருவயிறி, உம்ம கையில. சீனி..." என்று தொண்டை கிழியச் சொன்னாள்.

ஆண்டவருக்குக் கேட்டதோ என்னவோ, ஆடுகளுக்குக் கேட்டது.

புழுதி பறக்கத் திரும்பி ஓடி வந்தன. முன்னால் சீனி.

"பாவி, கூப்பிட்டுட்டியே!" என்று கோயில்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாராம்.

லேயாளே பனைமட்டை எடுத்தாள். அடித்தாள். போகவில்லை. பேர் வைத்தவளை விட்டு எங்கே போகும்? வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். வாசலிலேயே கத்திக் கத்தி ஒவ்வொன்றாக அடங்கினவாம். கடைசிவரை கதவை நக்கியது சீனி.

மழை வந்தது. யாருக்கு வந்தது?

இன்றைக்கும் ஏதேன்விளையில் ஆடுமாட்டுக்குப் பேர் வைப்பதில்லை. அந்த மேடு லேயாள் மேடு. கோயில் அசனத்தன்று பந்தி போடும் முன்னால் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். மணல் குடித்துவிடும்.

கிருபை பிழைத்தாள், வளர்ந்தாள். ஆனால் கதவைச் சாத்திய நாளிலிருந்து தாய் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். "ஏ பிள்ளே" என்பதோடு சரி. மகள் கல்யாணத்தன்று, பெண்ணின் பேர் என்ன என்று பாதிரியார் கேட்டாராம். லேயாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாளாம்.