சோறும் பிள்ளையும் ஒரே பானையிலா?

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைக்கு மருந்து வாங்கக் காத்திருந்தேன். கிராமத்து மருத்துவச்சிகளுக்கு உடற்கூறு கற்பிக்கவிருந்த இளம் நர்ஸ், மூத்த நர்ஸிடம் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

“பிள்ளை வயித்துக்குள்ள வளருது.”

“ஏட்டி, அப்போ சோறு எங்கன போகுது?”

“அதுவும் வயித்துக்குத்தான்.”

“ரெண்டுக்கும் ஒரே பானையாக்கும்? இப்படிப் படிச்சுட்டுப் போன ஒருத்தி, பிள்ளைக்கு இடம் வேணும்னு பிள்ளைத்தாச்சிக்குச் சோத்தைக் குறைச்சுட்டா. பெத்தவ தெம்பில்லாம செத்துப்போனா.”

மாமியார் சொன்னாரென்று, நானும் அரைவயிறு உண்டே மடியில் கிடக்கும் இவனைச் சுமந்தேன்.

“கருப்பைன்னு சொல்லுதேன், அக்கா. பழக்கத்துல வயிறுன்னு வந்துட்டா?”

“அங்கனயே நிறுத்தித் திருத்து. மருத்துவச்சிக ஊருக்குப் போன பொறவு திருத்த முடியாது, பாத்துக்கோ.”