மூன்று தட்டல்கள்

ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய மர அலமாரி இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை. பழைய சாமான் கடைகளில் பல நாள் அலைந்தபின், மூடப்பட்ட ஒரு தையல் நிலையத்தில்தான் எனக்கு அது கிடைத்தது. கதவில் குறுக்குப் பட்டைகள் இருந்தன. அவற்றின் இடையே விரல் நுழையாது, பார்வை நுழையும். உங்கள் காவலர்கள் அதைத் தூக்கி வரும்போது ஒரு கால் உடைந்துவிட்டதாமே. கேள்விப்பட்டதும் எனக்கு வருத்தமாக இருந்தது.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். ஆகவே நானும் முறைப்படி சொல்கிறேன்.

ஐம்பது வயதில் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். அதற்கு முன் சுமை லாரி ஓட்டினேன். சிறு வயதிலேயே பள்ளியை விட்டவன் என்பதால், படிப்பு மறுபடி கைக்கு வந்தபோது அதை அரைகுறையாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் மற்ற அனைவரும் என் பிள்ளைகளின் வயதினர். அவர்கள் என்னைப் ‘பெரியப்பா’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவனுக்கு வகுப்பு வைத்த பெயர் ‘அரட்டை’. இறந்துபோனவன் அவன்தான்.

திகில் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துத் தர வேண்டும் என்பது எங்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி. அதற்குரிய மரபுகளைப் பாடநூல் தெளிவாக வகுத்துள்ளது. வெளிச்சம் குறைவாகவும் நிழல் மிகுதியாகவும் இருக்க வேண்டும். கொலையாளியின் முகத்தைக் காட்டலாகாது; கையை மட்டுமே காட்ட வேண்டும். இவை அனைத்தையும் நான் கடைப்பிடித்தேன். ஒருவன் அலமாரிக்குள் ஒளிகிறான். கையுறை அணிந்த ஒரு கை வெளியிலிருந்து அதைப் பூட்டுகிறது. இவ்வளவுதான் காட்சி. ஒளிந்தவனாக அரட்டை நடித்தான். பூட்டும் கை என்னுடையது.

அதை வகுப்பில் திரையிட்டபோது எல்லோரும் சிரித்தார்கள்.

“பெரியப்பா, இதுல பயம் எங்க இருக்கு? நானும் தேடித் தேடிப் பார்த்தேன், சிக்கவே இல்ல” என்றான் அரட்டை.

“நடிச்சதே நீதானடா” என்றாள் ஒளிப்பதிவு செய்த பெண்.

“அதனாலதான் சொல்றேன். உள்ள நின்னுக்கிட்டு எனக்கே சிரிப்பா வந்துச்சு. வெளிய பூட்டுறது கொலைகாரன் கை மாதிரியா இருந்துச்சு? கடைய சாத்துற முதலாளி கை மாதிரில்ல இருந்துச்சு.”

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “படிச்சதெல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க சார். ஆனா அந்தப் பையன் கண்ணுல ஒண்ணுமே இல்லையே. திரும்ப எடுங்க. இதை வச்சு என்னால உங்களை பாஸ் பண்ண முடியாது” என்றார்.

நான் கோபப்படவில்லை. கோபம் கற்பவனுக்கு இடையூறு. வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன். என் பிழை அப்போதுதான் புரிந்தது. பாத்திரம் அறியாத ஒன்றைப் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே திகிலின் முதல் விதி. என் காட்சியில் அரட்டைக்கு எல்லாமே தெரிந்திருந்தது. கதவு திறக்கும் என்று அறிந்தவன் எப்படி அஞ்சுவான்?

அவனுக்கு மூச்சிழுப்பு நோய் இருந்தது. அதனால் முதல் முறை புகை மெஷினைப் பயன்படுத்தவில்லை. ஆனால் பட்டைகளின் வழியே ஒளிக்கற்றை விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் புகை வேண்டும். நான் அவனிடம் ஒளிவுமறைவின்றிக் கேட்டேன்.

“கொஞ்சமா விடுங்க பெரியப்பா. முடியலன்னா மூணு தட்டு தட்டுறேன், உடனே திறந்துடுங்க” என்றான். இன்ஹேலர் சட்டைப்பையில் புடைத்துத் தெரிந்ததால் அதை எடுத்து என்னிடம் நீட்டினான். “இத நீங்களே வச்சுக்கங்க. உங்க பையில இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கற மாதிரி.”

அவன் உடை மாற்றப் போனான். ஒளிப்பதிவு செய்யும் பெண்ணையும் ஒலிப்பதிவு செய்யும் பையனையும் அருகே அழைத்தேன். காட்சியில் ஒரு மாற்றம் என்றேன். இறுதியில் அவன் மும்மூன்றாகத் தட்டுவான், தொடர்ந்து தட்டுவான், அது நடிப்பு, யாரும் அசையக் கூடாது என்று சொன்னேன்.

“மூணு தட்டுனா திறக்கணும்னு அவன் ஏதோ சொல்லிட்டிருந்தானே?” என்றான் பையன்.

“அது பழசுப்பா. இப்ப மாத்தியாச்சு. அவன்கிட்டயும் சொல்லியாச்சு” என்றேன்.

நான் சொல்லவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படப்பிடிப்பில் ‘கட்’ என்று சொல்லும் உரிமை இயக்குநர் ஒருவருக்கே. கூரை இடிந்து விழுந்தாலும் மற்றவர்கள் வாய் திறக்கலாகாது என்று முதல் வகுப்பிலேயே பழக்கிவிடுவார்கள். ஒலிப்பதிவு செய்த பையன் சென்ற பருவத்தில் வேறொருவர் படத்தில் அவசரப்பட்டுக் கத்தி, நல்ல டேக் ஒன்றைக் கெடுத்து, எல்லார் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆகவே அந்த இருவரையும் நீங்கள் விட்டுவிட வேண்டும். அவர்கள் கற்பிக்கப்பட்டபடியே நடந்துகொண்டார்கள்.

நடுப்பகல். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். அரட்டை உள்ளே போனான். “பெரியப்பா, இந்தத் தடவ சிரிச்சா என் பேர மாத்திடுங்க” என்றான். கதவை மூடினேன். கையுறை அணிந்த கையால் பூட்டினேன். இம்முறை சாவியை மிக மெதுவாகத் திருப்பினேன்; அவன் சென்ற முறை சொன்ன குறை நியாயமானதுதான். புகை எழுந்து பட்டைகளுக்குள் நுழைந்தது. அதன் மேல் ஒளி கோடு கோடாக விழுந்தது. அத்தனை அழகை அந்த அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் இருமல் கேட்டது. பிறகு மூன்று தட்டல்கள்.

நான் அசையவில்லை. மறுபடியும் மூன்று. அவன் ஒழுங்காகத்தான் தட்டினான். சற்று இடைவெளி விட்டு, எனக்குக் கேட்கவில்லையோ என்று எண்ணியவனைப் போல, இன்னும் பலமாகத் தட்டினான். ஒளிப்பதிவு செய்த பெண் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் முகத்தில் வியப்பு இருந்தது. அவன் இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று அவளும் நினைத்திருக்கவில்லை.

ஒலிப்பதிவு செய்த பையன் மட்டும் ஹெட்போனைக் கழற்றினான். அவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்கும். “பெரியப்பா, அவனுக்கு நிஜமாவே மூச்சு இழுக்குது” என்று கிசுகிசுத்தான். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவன் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

பட்டைகளின் நடுவே அரட்டையின் கண்கள் தெரிந்தன. ஆசிரியர் தேடியது அவற்றில் இருந்தது. அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான். அதன்மேல் என் கை இருந்தது. எதற்காக அங்கே கையை வைத்தீர்கள் என்று காலையில் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்ற ஐயம் எனக்கே இருந்தது. அதற்காகத்தான்.

தட்டல்கள் மூன்றிலிருந்து இரண்டாயின. பின்பு ஒன்றாகி, ஏதோ ஒன்று மரத்தில் உரசிக்கொண்டு கீழே இறங்கும் ஓசையாயிற்று. அதன்பின்னும் நான் ‘கட்’ சொல்லவில்லை. தொடக்கக் காட்சி அமைதியில் முடிய வேண்டும் என்பதும் மரபுதான். அந்த அமைதியைப் போதிய அளவு எடுத்துக்கொண்டேன். பிறகே கதவைத் திறந்தேன்.

விபத்து என்று எழுதிக்கொள்ளலாமா என உங்கள் உதவியாளர் அன்போடு கேட்டார். வேண்டாம். சாவி என் கையில் இருந்தது, மருந்து என் பையில் இருந்தது, அவன் செத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கொன்றேன். இதில் பிழையாக எழுத ஒன்றுமில்லை.

நீங்கள் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தபோது, இறுதிப் பகுதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் கவனித்தேன். பார்ப்பவர் அந்த இடத்தில் முகத்தைத் திருப்ப வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். இப்போது வெளியே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவனுடைய தாயார் என்கிறார்கள். அவரை உள்ளே அழைத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு முறை அதைப் போட்டுக் காட்டுங்கள். தன் மகனுக்கு நடிப்பு வராது என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறையாவது அவருக்குத் தீரட்டும்.